பேர் சொல்லாதது

ஆஸ்டின் டவுன்,
பெங்களூரு.
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அன்பு மகள் ஷில்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஆண்டவன் புண்ணியத்தில் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அப்பாவின் முழங்காலை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதே. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசிக்கொண்டு சுகமாக இருக்க வேண்டும் என்று போன வெள்ளிக்கிழமை அல்சூர் கோயிலில் வேண்டிக்கொண்டு வந்தேன். போன் இருக்கும்போது இவள் ஏன் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். போன வாரம் நான் கடை விஷயத்தைத் தொடங்கியதுமே "அம்மா, இது ஆபீஸ்ல குடுத்த போன், இதுல அதெல்லாம் பேசாதம்மா" என்று சொல்லி வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நான் எப்போது கூப்பிட்டாலும் அப்புறம் பேசுகிறேன் என்று இரண்டு சொல் அனுப்புகிறாய். எதிர் வீட்டு கிளெமென்ட் மகன் ரயான் நாளைக்கு சிங்கப்பூர் கிளம்புகிறான். அவன் கையில் கொடுத்தால் நேராக உன் கைக்கு வரும், நடுவில் யாரும் படிக்க மாட்டார்கள் என்பதால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், வீட்டில் உட்கார்ந்து படி, பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்காதே.

முதலில் மாப்பிள்ளை விஷயம். வேலை போய் வீட்டில் இருக்கும் ஆண்பிள்ளையை எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்காதே. காலையில் எத்தனை இடத்துக்கு எழுதிப் போட்டாய், சாயங்காலம் யார் பதில் போட்டார்கள் என்று விசாரணை நடத்தினால் மனுஷன் உடைந்துபோவான். உன் ஒருத்தி சம்பளத்தில்தான் வீட்டு வாடகையும் அங்கே தங்கும் அனுமதியும் ஓடுகிறது என்பது எனக்குத் தெரியும், மாப்பிள்ளை கிரணுக்கும் தெரியும், அதை நீ வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை. பருப்புப் பொடியும் நாரத்தங்காய் ஊறுகாயும் ரயானிடம் கொடுத்திருக்கிறேன், ஊறுகாய் மாப்பிள்ளைக்கு. இங்கே மழை விட்டபாடில்லை. நீலசந்திரா பக்கம் சாக்கடை அடைத்துக்கொண்டு தெருவெல்லாம் தண்ணீர், உன் சித்தி வீட்டு வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. அப்பா பஸ்ஸில் கண்டக்டராக இருந்தபோது சத்தம் போட்டதெல்லாம் போதும் என்று இப்போது ஓய்வில் ஊமையாக இருக்கிறார் என்று நினைத்திருந்தேன், கடை விஷயத்தில் மட்டும் வாயைத் திறந்துவிட்டார். அதைப் பிறகு எழுதுகிறேன்.

நம் கடையை நான் உனக்கு விளக்க வேண்டியதில்லைதான், ஆனால் நீ ஆபீஸ் கண்ணோடு படிப்பாய் என்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன். கன்னடக்காரர்களுக்கு கிரந்திகே அங்கடி, நமக்கு நாட்டு மருந்துக் கடை, மஞ்சள், சாம்பிராணி, கடுக்காய், ஜாதிக்காய் என்று குழந்தை பிறந்த வீடும் கல்யாண வீடும் தேடி வரும் கடை. அதில் குழந்தைக்குக் கட்டும் வளையல் இருக்கிறதே, வசம்பை மணி மணியாக நறுக்கிக் கறுப்பு நூலில் கோத்து மணிக்கட்டில் கட்டுவது, அது நம் கடையில் நன்றாக இருக்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. இதோ பார், பகல் வெளிச்சத்தில் எழுதுகிறேன் என்பதால்தான் அதன் பேரையே எழுதினேன். விளக்கு வைத்துவிட்டால் அந்தப் பேரைச் சொல்லக் கூடாது, சொன்னால் அதன் சக்தி போய்விடும் என்பார்கள், அதனால்தான் எல்லாரும் அதைப் பேர் சொல்லாதது என்றே கேட்பார்கள். உருது பேசும் அம்மாக்கள் தங்கள் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டுவார்கள், எனக்குப் புரிந்துவிடும். கடைச் சாமானை வீட்டுக்கே அனுப்புகிற இந்த ஆப்பில் சேரச் சொல்லி நீதான் போனில் சொல்லிச் சொல்லிக் கொடுத்தாய். அன்றைக்குப் பொருளின் பெயர் என்று ஒரு கட்டம் வந்தது, அப்போது விளக்கு வைத்தாகிவிட்டது, வெள்ளிக்கிழமை வேறு. அந்த நேரத்தில் எப்படி எழுதுவது, பேர் சொல்லாதது என்றே தட்டிவிட்டேன். அதற்குக் கீழே பொருளைப் பற்றிச் சொல் என்று இன்னொரு கட்டம். என் மகள் இதைக் கட்டிக்கொண்டுதான் வளர்ந்தாள், விளக்கு வைத்த பிறகு இதைக் கேட்காதீர்கள் என்று எழுதினேன். நீ மறுநாள் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய், பேர் கேட்டால் பேர் சொல்லாதது என்று எழுதுகிற ஒரே வியாபாரி என் அம்மாதான் என்றாய். ஆனால் ஜனங்கள் அந்தப் பேரையே தட்டித் தேடினார்கள். ஒயிட்ஃபீல்டிலிருந்தும் சர்ஜாபூரிலிருந்தும், நான் பஸ்ஸில்கூடப் போகாத இடத்திலிருந்தெல்லாம் கேட்டார்கள். அந்த ஆப் எனக்கு நல்லது செய்தது, அதை நான் மறுக்கவே இல்லை. சோறு போட்ட இடத்தைக் குறை சொல்கிறவள் அல்ல உன் அம்மா.

அப்புறம் நீ சேர்ந்த கம்பெனி இந்த ஆப்பையே விலைக்கு வாங்கியது. "அம்மா, இப்ப நீயும் நானும் ஒரே கம்பெனி" என்று போனில் துள்ளினாய். அதற்கப்புறம் கொஞ்ச நாளில் ஒரு மேனேஜர் கூப்பிட்டார், நல்ல மரியாதையான குரல், "மேடம், ஈவினிங்லதான் டிமாண்ட் ஜாஸ்தி, நீங்க அந்த டைம்ல ஆஃப் பண்ணிடறீங்க" என்றார். விளக்கு வைத்ததும் அந்த ஒரு பொருளை மட்டும் நான் ஆப்பில் நிறுத்திவிடுவது வழக்கம். கேட்காதே என்று நானே எழுதிவிட்டு நானே எடுத்துக் கொடுத்தால் என்ன மரியாதை. அவருக்கு அதைச் சொன்னேன். சரி மேடம் என்றார், ஆனால் மறுவாரத்திலிருந்து நம் கடை கீழே கீழே போயிற்று. பேர் சொல்லாதது என்று தேடினால் மேலே வேறொரு டப்பா, ஆப்புக்காரர்களின் சொந்தப் பெயர் போட்டது, விலை பாதி, பத்து நிமிஷத்தில் வரும், ராத்திரியிலும் வரும். நம் பொருளைப் பார்க்க விரல் தேயத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். சாயங்காலம் நான் விற்காமல் விட்டேன், விட்ட இடத்தை இன்னொருவன் பிடித்தான், இது வியாபாரம்தான், இதற்கு அழுதால் ஊர் சிரிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்படியே இருந்திருப்பேன், பாகீரதி மாமி வராமல் இருந்திருந்தால். அல்சூரிலிருந்து வருவாரே, உன் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே நம் கடைக்கு வருகிறவர், அவர் பேத்தி அதிதிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. கடைக்குள் வந்ததும் வராததுமாக ஒரு டப்பாவை மேஜைமேல் வைத்து, "என்ன மரகதம், உன் கடைச் சரக்கா இப்படி? நூல் சாயம் விட்டுக் கொழந்தை கையெல்லாம் கறுத்துப் போயிடுத்து" என்றார். இது நான் அனுப்பியது இல்லை மாமி என்றேன். "உன்னுதுதானே, உன் பொண்ணு கட்டிண்டு வளந்தாள்னு போட்டிருந்ததே, அதை நம்பித்தானே வாங்கினேன்" என்றார். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். கம்பெனிப் பெயருக்குக் கீழே அச்சில் போட்டிருந்தது, என் மகள் இதைக் கட்டிக்கொண்டுதான் வளர்ந்தாள், விளக்கு வைத்த பிறகு இதைக் கேட்காதீர்கள். ராத்திரி முழுக்க விற்கிறவனுடைய டப்பாவில், விளக்கு வைத்த பிறகு கேட்காதே என்று. மாமி அந்த டப்பாவை ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் வரவழைத்திருக்கிறார். எனக்கு ஒரு நிமிஷம் சிரிப்புதான் வந்தது. அடுத்த நிமிஷம் உட்கார்ந்துவிட்டேன். கம்பெனிக்கு ஏது மகள். அந்த மகள் நீ. மாமி என் முகத்தைப் பார்த்து பயந்துபோய் தண்ணீர் குடிக்கச் சொன்னார், புது வளையல் ஒன்றைக் கோத்துக் கொடுத்து அனுப்பினேன், அந்த டப்பாவை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

நீ சொல்வாய், வியாபாரம் என்றால் போட்டி இருக்கும், அம்மாவுக்குப் போட்டியென்றால் பிடிக்காது என்று. போட்டியைப் பற்றி எனக்குச் சொல்லித் தராதே கண்ணு. கோமளம் நம் கடைக்கு நேர் எதிரே கடை போட்டாளே, அவள் சூடத்தில் விலை குறைத்தால் நான் சாம்பிராணியில் குறைப்பேன், அவள் பண்டிகைக்கு வாசலில் பந்தல் போட்டால் நான் வாடிக்கைக்குக் காப்பி கொடுப்பேன், இரண்டு பேரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமலே வருஷக்கணக்காக வியாபாரம் செய்தோம். ஆனால் அவள் என் கடைக்குள் எட்டிப் பார்த்து, யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், எது கிடைக்காமல் திரும்பினார்கள் என்று எழுதிக்கொண்டு போகவில்லை. தெருவை அவள் குத்தகைக்கு எடுத்து என் வாசலில் முள்ளைப் போடவும் இல்லை. அவள் என்னை ஜெயித்த நாளெல்லாம் நியாயமாகத்தான் ஜெயித்தாள், நான் அவளைத் திட்டினேனே தவிர குற்றம் சொன்னதில்லை. இங்கே சந்தைக்கு இடம் விட்டவனே கடையும் போடுகிறான், தராசும் அவன் கையில், வருகிறவர்களுக்கு வழிகாட்டுகிற ஆளும் அவன் ஆள். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது. கோமளத்தின் சாம்பிராணிக் கப்புக்கும் இதே கதை ஆகியிருக்கிறது, அவள் பாதிக் கடையைத் தையல்காரருக்கு வாடகைக்கு விட்டுவிட்டாள். ஒரு நாள் அவளே தெருவைத் தாண்டி வந்து நம் கடைப் படியில் உட்கார்ந்தாள். என்ன வேண்டும் என்று கேட்டேன், எதுவும் வேண்டாம் என்றாள். அன்றைக்கு அவளுக்கும் காப்பி கொடுத்தேன்.

நானும் அவளும் இன்னும் சில கடைக்காரர்களும் சேர்ந்து மமதா என்கிற வக்கீலிடம் போனோம். கன்னடப் பெண், சின்ன வயதுதான், ஆனால் நிதானம். தில்லியில் போட்டி ஆணையம் என்று ஒன்று இருக்கிறது, பெரிய கம்பெனி சந்தையைத் தன் கையில் வைத்துக்கொண்டு சின்னவர்களை நெரித்தால் அங்கே முறையிடலாம் என்றாள். அதற்கு முன்னால் கம்பெனிக்கே ஒரு நோட்டீஸ் அனுப்பினாள். அவர்கள் பதில் வந்தது. மமதா அதைக் கன்னடத்தில் படித்துச் சொன்னாள், நான் மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். விளக்கு வைத்த பிறகு கேட்கக் கூடாது என்பது ஊர் வழக்கம், யார் வேண்டுமானாலும் எழுதலாமாம். சரி, அது நியாயம், அதை நான் கண்டுபிடிக்கவில்லை. விதிமுறைகளை மாற்றி எங்களுக்கெல்லாம் முன்பே அனுப்பினார்களாம், கடைக்காரர்கள் எழுதிப் போடுவதையெல்லாம் கம்பெனி எடுத்து உபயோகிக்கலாம் என்று அதில் இருந்ததாம், நாங்கள் ஆட்சேபம் எதுவும் தெரிவிக்காமல் தொடர்ந்து விற்றதால் ஒப்புக்கொண்டதாகவே அர்த்தமாம். அது எப்போது வந்தது, எந்த மொழியில் வந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. மூன்றாவதாக ஒன்று எழுதியிருந்தார்கள், ஷில்பா, அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. என் மகள் இதைக் கட்டிக்கொண்டுதான் வளர்ந்தாள் என்பது விளம்பரங்களில் பொதுவாக எழுதும் வாசகம்தானாம், அதில் வரும் மகள் குறிப்பிட்ட யாரும் இல்லையாம்.

அப்படித்தான் எழுதியிருந்தார்கள், குறிப்பிட்ட யாரும் இல்லை என்று. பெற்றவளிடமே அப்படி ஒரு மகள் கிடையாது என்று ஒரு காகிதம் சொல்கிறது, அதில் முத்திரை வேறு. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்கூட வரவில்லை. நீ பிறந்தபோது கையைக் காலை ஆட்டாமல் கிடந்தாய், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு நானே கோத்து உன் மணிக்கட்டில் கட்டினேன், அதை நீ வாயில் வைத்துச் சப்பிச் சப்பி நூல் வெளுத்துப்போயிற்று. அது விளம்பர வாசகமா. அந்த வரியை யாரும் உட்கார்ந்து திருடவில்லை ஆன்ட்டி, மெஷின் அதிகம் விற்கிற கடையிலிருந்து எடுத்துப் போட்டிருக்கும், ஒருத்தர்கூடப் படித்துப் பார்க்கவில்லை என்று மமதா சொன்னாள். படித்திருந்தால் ராத்திரி விற்கும் டப்பாவில் அதைப் போட்டிருக்க மாட்டார்கள் என்பது எனக்கும் தெரிகிறது. படிக்காமல் எடுத்தது ஒரு தப்பு, எடுத்ததில் இருப்பது ஒரு உயிருள்ள பெண் என்று சொன்ன பிறகும் இல்லை என்பது வேறு தப்பு.

இப்போது மமதா கேட்பது இதுதான். விற்பனை எப்படிக் குறைந்தது, யாரை மேலே காட்டினார்கள் என்பதெல்லாம் அவர்கள் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது, நம் கையில் இல்லை. ஆணையம் கேட்டால்தான் வெளியே வரும், கேட்க வைக்க நம்மிடம் ஒரு பிடி வேண்டும். அந்த டப்பாவும் அந்த வரியும்தான் அந்தப் பிடி, மற்றக் கடைக்காரர்களுக்கும் சேர்த்து. அந்த மகள் இருக்கிறாள், இன்னார்தான், நான் அவளை நினைத்துத்தான் எழுதினேன் என்று நான் பிரமாணப் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "ஹெசரு பேக்கு ஆன்ட்டி" என்றாள், பெயர் வேண்டுமாம், என் மகள் என்றால் போதாதாம். அப்போதுதான் நீ எங்கே வேலை பார்க்கிறாய் என்று அவளிடம் சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். ரகசியமாக வைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் கடை அவர்களுக்குத் தெரியும், மகள் பெயரும் தெரிந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு நாள் ஆகாது என்றாள். அம்மா முறையிட்டதற்காக மகளை வேலையிலிருந்து எடுப்பது சரியில்லை என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், ஆனால் எடுப்பவர்கள் அந்தக் காரணத்தைச் சொல்லி எடுக்க மாட்டார்கள், வேறு காரணம் தேடிக்கொள்வார்கள் என்றும் சொன்னாள். பொய் நம்பிக்கை கொடுக்காமல் பேசுகிற வக்கீல் கிடைத்தது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே "பொண்ணு வயித்துல அடிச்சு வாங்கற நியாயம் எனக்கு வேணாம் மரகதம், கடை போனா போவுது" என்றார். அவருக்குக் கடை போனால் போகும், அது அவர் கடை இல்லை. ஆனால் அவர் சொன்னதில் பாதி என் வாயிலும் இருந்தது, அதனால் சண்டை போடவில்லை. கோமளத்திடமும் மறைக்கவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன். "உன் பொண்ணைக் காப்பாத்தணும்னா காப்பாத்திக்கோ, தப்பே இல்ல, ஆனா முடியாதுன்னா நேரா சொல்லிடு, நாளைக்கு நாளைக்குன்னு இழுக்காத" என்றாள். எத்தனை வருஷம் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறோம், இவள் இப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. அவள் கடையில் இப்போது பாதி வெளிச்சம்தான் எரிகிறது, தினமும் நம் கடையிலிருந்து எனக்கு அது தெரிகிறது.

உனக்கு என்ன தோன்றும் என்று யோசித்துப் பார்க்கிறேன். நீ பணம் கட்டும் பிரிவில் உட்கார்ந்து ஏதோ செய்கிறாய், டப்பாவில் என்ன அச்சடிக்கிறார்கள் என்பது உனக்குத் தெரியவே தெரியாது, அதை நான் நம்புகிறேன். அங்கே உனக்கு நல்ல மனிதர்கள் இருக்கிறார்கள், மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது லீவு கொடுத்தார்கள், அதெல்லாம் எனக்கு மறக்கவில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். என் கடை என் வயிறு, உன் வேலை உன் வயிறு, மாப்பிள்ளையின் வயிறும் இப்போது அதில்தான் இருக்கிறது. நான் தியாகி வேஷம் போட்டு, உனக்காக விட்டுவிட்டேன் என்று எழுதி, பிறகு வாழ்நாள் முழுக்க அதைச் சொல்லிக் காட்டுகிற அம்மாவாக இருக்க மாட்டேன். அதே மாதிரி, நியாயம் பெரிது என்று உன்னைக் கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு கண்ணைத் துடைத்துக்கொள்கிற அம்மாவாகவும் இருக்க மாட்டேன். என் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டால், போட வேண்டும் என்றுதான் இருக்கிறது. அதை மறைத்து எழுதினால் இந்தக் காகிதத்துக்கே அர்த்தம் இல்லை. பணத்துக்காக இல்லை, கடை இனிமேல் பழையபடி ஓடும் என்று எனக்கு நம்பிக்கையும் இல்லை. அந்த மகள் யாரும் இல்லை என்று எழுதியவர்களுக்கு, இருக்கிறாள் என்று ஒரு வரி பதில் போக வேண்டும் என்று இருக்கிறது.

ஆனால் அந்த வரியை எழுதியவள் நான் என்றாலும் அதில் இருப்பவள் நீ. அதனால் உன் பெயர் வரும் இடத்தைக் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன், மற்றதெல்லாம் டைப் ஆகிவிட்டது. போடு என்று நீ சொன்னால் உன் பெயரை நானே என் கையால் எழுதுவேன், அதற்கு முன்னால் நீயே உன் மேலதிகாரியிடம் போய், என் அம்மா இப்படி முறையிடப் போகிறாள், எனக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடு, பிறகு தெரிவதைவிட முன்பே தெரிவது உனக்குப் பாதுகாப்பு என்று மமதா சொல்லச் சொன்னாள். வேண்டாம் என்று சொன்னால் அந்த வரியை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் கொடுப்போம். அது நிற்காமல் போனாலும் போகட்டும், அதைப் பற்றி உன்னிடம் ஒரு நாளும் பேச மாட்டேன், உன் அப்பாவையும் பேச விட மாட்டேன், தீபாவளிக்கு நீ வந்தால் எப்போதும்போல் ஏர்போர்ட்டுக்கே வந்து சண்டை போட்டு உன் பெட்டியைத் தூக்குவேன். நீ எதைச் சொன்னாலும் எனக்குக் காரணம் சொல்ல வேண்டாம். உனக்குப் பயமாக இருந்தால் அது கோழைத்தனம் இல்லை, ஊரை விட்டுப் போய் வாடகை வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் வருகிற பயம்தான், எனக்கும் சம்பளத்தை நம்பி இருந்த காலத்தில் இருந்தது.

மாப்பிள்ளையிடம் இதைப் படித்துக் காட்டு, அவர் வாழ்க்கையும் இதில் இருக்கிறது, அவரைத் தாண்டி நீ முடிவு செய்யாதே. ராத்திரி ரொம்ப நேரம் விழித்துக்கொண்டு யோசிக்காதே. ஊறுகாயில் ஈரக் கரண்டி போடாதே. நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், தலை நிமிர்ந்து, ஒருவர் கையை ஒருவர் விடாமல் நூறு வருஷம் வாழ வேண்டும், எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், அவர் கண் கலங்கியிருப்பதை எழுதாதே என்றார், எழுதிவிட்டேன்.

மறக்காமல் ஒன்று. வருகிற வியாழக்கிழமை காலையில் நான் மமதாவிடம் போக வேண்டும். அதற்குள் உன் சொந்த போனிலோ மாப்பிள்ளை போனிலோ கூப்பிட்டு, போடு அம்மா என்றோ வேண்டாம் அம்மா என்றோ ஒரு சொல் சொல், அது போதும். கூப்பிட முடியாமல் போனால் நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீ பேசாமல் இருந்தால் அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
சி. மரகதம்